ஹீபரின் கல்லறையும் கோட்டைச் சபையும்: ஒரு நினைவுப் பலகையின் வரலாறு

1. கல் சொல்வதும் கேள்வியும்

திருச்சிராப்பள்ளி கன்டோன்மென்டில் உள்ள தூய யோவான் ஆலயத்தில், பலிபீடத்துக்கு வடபுறம் ரெஜினால்ட் ஹீபர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கல்கத்தாவின் இரண்டாவது ஆங்கிலிக்கன் பேராயர் அவர். அவருக்காக எழுதப்பட்ட கல்வெட்டு மிகச் சுருக்கமானது. பெயரையும் பதவியையும் சொல்லிவிட்டு, தமது பரந்த பேராயத்தின் தென்பகுதிகளைப் பார்வையிட வந்தவிடத்தில், பேராயராகி மூன்றாம் ஆண்டில், 1826 ஏப்ரல் 3 அன்று அவர் திடீரென நித்திய இளைப்பாறுதலுக்கு அழைக்கப்பட்டார் என்கிறது. ஆயத்தமாயிருங்கள் என்ற பொருள்படும் நற்செய்தி வாக்கோடு முடிகிறது.

இந்தத் தகவல்களில் பிழை ஏதுமில்லை. ஹீபர் 1823 ஜூன் 1 அன்று லண்டன் லாம்பெத்தில் அபிஷேகம் பெற்றார். 1826 ஏப்ரல் அவருடைய மூன்றாம் ஆண்டுதான். ஆனாலும் ஒரு நினைவுப் பலகையின் வரலாற்றை ஆராய்பவர் அது சொல்வது உண்மையா என்று மட்டும் பார்த்தால் போதாது. அது எந்தக் கட்டடத்தில், யாருடைய செலவில், யார் படிப்பதற்காக வைக்கப்பட்டது, அதே நாளில் நடந்தவற்றில் எதை விட்டுவிட்டது என்பவையும் கேட்கப்பட வேண்டும். நகர வரலாறுகளில் ஹீபருக்கு இரண்டு வரி கிடைக்கும்: கவிஞர், பாமாலை ஆசிரியர், குளிக்கப் போன இடத்தில் இறந்தவர். ஆங்கில வாழ்க்கை வரலாறுகளில் இதுவே விரிவாக, கண்ணீரோடு சொல்லப்படும். இரண்டிலும் அந்தக் காலையில் அவரோடு இருந்த தமிழர்கள் பின்னணியாகவே வருகிறார்கள். அவர்களை முன்னுக்குக் கொண்டுவந்தால் அந்த மரணத்தின் வரலாற்றுப் பொருள் மாறுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மாறும் என்பது என் கருத்து.

இப்படிப் படிப்பதற்கான முறையை வெளியிலிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை. காவிரிக்கு அக்கரையிலேயே இருக்கிறது. திருவரங்கக் கோயிலின் வரலாற்றைக் கோயிலொழுகையும் சுவர்க் கல்வெட்டுகளையும் அருகருகே வைத்துத்தான் வி. என். ஹரிராவ் போன்றோர் எழுதினார்கள். உற்சவரான நம்பெருமாள் திருவரங்கத்துக்குத் திரும்பியதைக் கோபணாரியரின் கல்வெட்டு சக ஆண்டு 1293 (கி.பி. 1371–72) என்று உறுதிப்படுத்துகிறது. ஆனால் உற்சவர் இல்லாதிருந்த பல பத்தாண்டுகளின் துயரத்துக்கு அந்தச் சுலோகத்தில் இடமில்லை. அதற்கு ஒழுகுக்கும் வாய்மொழி வழக்குக்கும் போகவேண்டும். கல் நாளைத் தரும். நாளுக்கு முன்னும் பின்னும் நடந்ததை வேறிடத்தில் தேட வேண்டும்.

2. சான்றுகள்

ஹீபரின் கடைசி நாட்களுக்கு முதன்மையான சான்று அவருடைய உடனிருப்புக் குருவான தாமஸ் ராபின்சன் எழுதிய நூல். 1829இல் சென்னையில் வெளியானது. எழுதியவர் சம்பவ இடத்தில் இருந்தவர், நீரிலிருந்து உடலை எடுத்தவர்களில் ஒருவர். பாரசீகம் அறிந்த இவர் பின்னாளில் கேம்பிரிட்ஜில் அரபுப் பேராசிரியரானார், கவனமாக எழுதக்கூடியவர்தான். ஆனால் அவர் எழுதியது விசாரணை அறிக்கையன்று, அஞ்சலி. தன் தலைவரை ஒரு புனிதராகக் காட்ட வேண்டும் என்ற ஆசை பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

இரண்டாவது சான்று மனைவி அமேலியா வெளியிட்டவை: வட இந்தியப் பயண நூல் (1828), கடிதங்களை ஆதாரமாகக் கொண்ட வாழ்க்கை வரலாறு (1830). அமேலியா தென்னாட்டுப் பயணத்துக்கு வரவில்லை. இரண்டு பெண் குழந்தைகளோடு கல்கத்தாவில் இருந்தார். எனினும் ஹீபர் வழியில் எழுதிய கடிதங்களை நமக்குப் பாதுகாத்துத் தந்தவர் அவரே. தஞ்சை சரபோஜி மன்னரை வியந்து, அவர் லவாய்சியரையும் லின்னேயஸையும் மேற்கோள் காட்டுகிறார், ஷேக்ஸ்பியரைப் பற்றிப் பேசுகிறார் என்று எழுதிய கடிதம், சரபோஜியைப் பற்றி எழுதுவோர் எல்லாரும் எடுத்தாள்வது, ஹீபரின் வாழ்வின் கடைசி வாரத்தைச் சேர்ந்தது.

மூன்றாவது, கல்வெட்டுத் தொகுப்புகள். ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905இல் வெளியிட்ட சென்னை மாகாணக் கல்லறைக் கல்வெட்டுகளின் பட்டியல் இன்றும் இத்தகைய ஆய்வுக்குத் தொடக்கப் புள்ளி. அதன் வரையறையையும் மறக்கக்கூடாது. வரலாற்று முக்கியத்துவம் உள்ளவை என்று அது எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் ஐரோப்பியர், ஆர்மீனியர் கல்லறைகள். மாகாணத் திருச்சபைப் பதிவேடுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டு இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் உள்ளன. அவற்றிலும் நிறைந்திருப்பவர்கள் ஐரோப்பியரும் யூரேசியருமே. ஆக, கல்லில் தொடங்கி இந்த ஆவணங்களின் வழியே மட்டும் நடந்தால் ஓர் ஆங்கிலேயரின் கதைக்கே போய்ச் சேர்வோம்.

3. ஏப்ரல் 1 முதல் 3 வரை

1826 பிப்ரவரி 25 அன்று ஹீபர் சென்னைக்கு வந்தார். அங்கிருந்து தெற்கே கடலூர், சிதம்பரம் வழியாக மார்ச் 25 அன்று தஞ்சாவூர். மறுநாள் ஈஸ்டர். ஏப்ரல் 1, சனிக்கிழமை திருச்சிராப்பள்ளி வந்து நீதிபதி பேர்ட் என்பவரின் வீட்டில் தங்கினார். ஞாயிறன்று தூய யோவான் ஆலயத்தில் பிரசங்கம் செய்து 42 பேருக்குத் திடப்படுத்தல் அளித்தார். தஞ்சையிலிருந்து தொடர்ந்து வெயிலில் பயணம், ஒவ்வொரு நாளும் ஆராதனை, இடையே கடிதங்கள். உடன் இருந்தவர்களுக்கு அவர் களைத்திருந்தது தெரிந்தது.

திங்கள் விடியற்காலை கன்டோன்மென்டிலிருந்து கோட்டைக்குப் போனார். தெப்பக்குளம் அருகே மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் 1766இல் கட்டிய கிறிஸ்து ஆலயத்தில் தமிழ்ச் சபையாருக்கு ஆராதனையும் திடப்படுத்தலும் நடந்தன. திரண்டிருந்தவர்களுக்குத் தமிழிலேயே ஆசீர்வாதம் கூறினார். மிஷன் பள்ளியைப் பார்த்தார். தங்களுக்கென நிலையான போதகர் இல்லை என்ற குறையைச் சபையார் அவரிடம் சொன்னார்கள். அனுப்புவதாக அவர் வாக்களித்தார். பின்னர் தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பி, தோட்டத்தில் தனிக் கட்டடமாக இருந்த ஆழமான குளியல் தொட்டிக்குப் போனார். வெகுநேரம் சத்தமில்லாததால் வேலையாள் உள்ளே பார்த்துக் கூக்குரலிட்டார். உடலை எடுத்துச் செய்த சிகிச்சைகள் பலிக்கவில்லை. 43 வயது நிறைய இன்னும் 18 நாட்கள் இருந்தன. மறுநாள் தூய யோவான் ஆலயத்தில் அடக்கம்.

காரணம் என்ன? மூளையில் இரத்தநாளம் வெடித்தது என்பது அன்றைய பேச்சு. வெப்பத்தில் வாடிய உடல் குளிர்ந்த நீரில் இறங்கியதால் ஏற்பட்ட அதிர்ச்சி என்பது பின்வந்த வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் பலரின் விளக்கம். நீரில் மூழ்கி இறந்தார் என்பது ஊர்ப் பேச்சு. மூன்றும் ஒன்றையொன்று விலக்குபவையல்ல. மயக்கமோ வலிப்போ முதலில், மூழ்கல் அடுத்து என்று இருந்திருக்கலாம். 1986இல் ஹீபரின் வாழ்க்கையை எழுதிய டெரிக் ஹியூஸ், அக்காலச் செதுக்கோவியம் ஒன்றைக் குறிப்பிடுகிறார். அதில் வேலையாளும் குருவும் உடலைத் தூக்கிச் செல்ல, குரு மட்டும் நீண்ட கோட்டும் உயர்ந்த தொப்பியுமாகக் கசங்காமல் இருக்கிறார். திருச்சி ஏப்ரல் வெயிலை அறிந்தவர் யாரும் அதைச் சிரிக்காமல் பார்க்க முடியாது. இந்த மரணத்தின் மருத்துவக் காரணத்துக்கு இவ்வளவு மை செலவானது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. அதே காலையில் கோட்டையில் நடந்ததற்கு அதில் பத்திலொரு பங்கு கூடச் செலவாகவில்லை.

4. இரண்டு ஆலயங்கள்

தூய யோவான் ஆலயம் 1810களில் எழுந்த பாளைய ஆலயம். கம்பெனிப் படையின் அதிகாரிகளும் சிப்பாய்களும் குடும்பங்களும் வழிபட்ட இடம். பக்கவாட்டுக் கதவுகள் எல்லாவற்றையும் திறந்துவிட்டால் காற்றோட்டமான மண்டபமாகிவிடும் அமைப்பு. சுற்றிலும் கல்லறைத் தோட்டம்.

கோட்டைக் கிறிஸ்து ஆலயத்தின் பிறப்பு வேறு வகை. ஷ்வார்ட்ஸ் 1762 முதல் 1778 வரை திருச்சிராப்பள்ளியை இருப்பிடமாகக் கொண்டிருந்தார். ஆற்காட்டு நவாபின் ஆட்சியில் இருந்த ஊரில், கம்பெனிப் படைக்கும் தமிழ்ச் சபைக்கும் ஒருங்கே ஊழியம் செய்தார். கட்டுவதற்குப் படைத்தலைவர் பிரெஸ்டன் முதலியோர் உதவினார்கள். தொடக்கத்தில் வெள்ளைச் சிப்பாயும் தமிழரும் வெவ்வேறு நேரங்களில் ஒரே கூரையின் கீழ் வந்தார்கள். கன்டோன்மென்ட் வளர்ந்து அங்கே தனி ஆலயம் எழுந்தபோது ஐரோப்பியர் அங்கே போனார்கள். கோட்டை ஆலயம் முழுக்கத் தமிழர் ஆலயமாகவும், போதகரில்லாமல் உபதேசியார்களின் பொறுப்பில் நடக்கும் ஏழைச் சபையாகவும் ஆனது.

ஹீபர் இறந்தது கன்டோன்மென்டில். ஏப்ரல் மாதம், உடலை வைத்திருக்க வழியில்லை. பேராயரை அருகிலுள்ள, பேராயப் பதவிக்கு ஏற்ற ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். இதில் யாருடைய சூழ்ச்சியையும் தேட வேண்டியதில்லை. ஆனால் விளைவு ஆழமானது. அவருடைய கடைசிப் பணி நடந்த இடமும் நினைவு நிலைத்த இடமும் சுமார் 3 கிலோமீட்டர் தள்ளிப் போயின. அஞ்சலி செலுத்த வந்த பயணிகள் கன்டோன்மென்ட் ஆலயத்தைப் பார்த்தார்கள், குளியல் தொட்டியையும் பார்த்தார்கள். கோட்டைச் சபை அந்த வழித்தடத்திலிருந்து விலகிப்போனது.

5. சான்ட்ரியின் தமிழர்கள்

தமிழர்கள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. வேறு வடிவில் கல்லில் ஏறினார்கள். சென்னையில் ஆளுநர் தாமஸ் மன்றோ தலைமையில் கூட்டம் நடந்து நினைவுச் சின்னத்துக்குப் பணம் திரட்டப்பட்டது. அதன் பயன் தூய ஜார்ஜ் பேராலயத்தில் உள்ள பளிங்குச் சிற்பம். ஹீபர் நின்றிருக்க, முழந்தாளிட்ட இரண்டு இந்தியர்கள் திடப்படுத்தல் பெறுகிறார்கள். வடித்தவர் ஃப்ரான்சிஸ் சான்ட்ரி. சென்னைத் தீவுத்திடல் அருகே குதிரைமேல் இருக்கும் மன்றோவையும் பின்னாளில் வடித்தவர் அவரே. லண்டனிலும் கல்கத்தாவிலும் ஹீபருக்கு அவர் செய்த சிலைகள் உண்டு.

சான்ட்ரி இந்தியாவுக்கு வந்தவரல்லர். அவருக்குக் கிடைத்தது ஒரு கருத்து: மன்றாடும் சுதேசி, ஆசியளிக்கும் பேராயர். கோட்டை ஆலயத்தில் அன்று காலை திடப்படுத்தல் பெற்றவர்களுக்குப் பெயர்களும் தொழில்களும் தெருக்களும் இருந்தன. சிற்பத்தில் இருப்பவர்களுக்கு முதுகும் கூப்பிய கையுமே உண்டு. அவர்கள் எதையும் கேட்கவில்லை, எதையும் மறுக்கவில்லை.

இதைத் தஞ்சையோடு ஒப்பிட்டால் புரவலர் யார் என்பது எவ்வளவு முக்கியம் என்று விளங்கும். 1798இல் ஷ்வார்ட்ஸ் இறந்தார். கம்பெனி ஜான் பேக்கனைக் கொண்டு சென்னைக் கோட்டையின் தூய மரியாள் ஆலயத்தில் ஒரு மரணப்படுக்கைக் காட்சியை வைத்தது. சரபோஜி ஜான் ஃப்ளாக்ஸ்மனைக் கொண்டு தஞ்சையில் இன்னொன்றை வைத்தார். பின்னதில் மன்னரே படுக்கையருகில் ஐயரின் கையைப் பற்றி நிற்கிறார். பணம் கொடுத்தவர் தம்மை நாயகனுக்குச் சமமாக உள்ளே நிறுத்திக்கொண்டார். திருச்சிராப்பள்ளிக் கோட்டைச் சபைக்கு அப்படியொரு மன்னர் இல்லை. சிற்பியை அமர்த்தும் பணமும் இல்லை.

6. பயணத்தில் பாதியில் நின்ற விசாரணை

சென்னைச் சிற்பம் காட்டும் அமைதிக்கு நேர்மாறானது 1826இன் உண்மை நிலை. ஹீபர் தென்னாட்டுக்கு வந்தபோது தமிழ் புராட்டஸ்டண்ட் சபைகளில் சாதி பற்றிய சண்டை கொதித்துக்கொண்டிருந்தது. ஷ்வார்ட்ஸ் தலைமுறை மிஷனரிகள் சபைக்குள் சாதி வழக்கங்களை ஓரளவு பொறுத்துக்கொண்டவர்கள். 1820களில் ஹௌப்ரோ, ரேனியஸ் முதலிய இளைய மிஷனரிகள் அதை எதிர்த்தார்கள். வேளாளக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்களுடைய வலிமையான குரல் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864): ஷ்வார்ட்ஸின் மாணவர், பெத்லகேம் குறவஞ்சியின் ஆசிரியர், சரபோஜியின் ஆதரவு பெற்ற கவிராயர்.

ஹீபர் இந்தப் பிரச்சினைக்குப் புதியவரல்லர். 1824இல் கல்கத்தாவில் அவர் குருப்பட்டம் அளித்த கிறிஸ்தியான் தாவீது தஞ்சைச் சூழலில் ஷ்வார்ட்ஸிடம் வளர்ந்து யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்த தமிழர். சாதி வழக்கம் பற்றி அவரிடம் ஹீபர் கருத்துக் கேட்டார். பிறகு பயணவழியில், 1826 மார்ச் 21 அன்று சிதம்பரத்திலிருந்து, தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த ஷ்ரைஃபோகலுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஹீபரைப் பற்றிய எந்தத் தமிழ் ஆய்வும் தொடங்க வேண்டிய ஆவணம் அதுதான் என்பேன். சபையில் சாதி வெளிப்படும் இடங்களை அவர் வகைப்படுத்துகிறார்: ஆலயத்தில் தனித்தனி இருக்கை, திருவிருந்துக்குத் தனித்தனியே வருதல், பள்ளியில் பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைத்தல், சேர்ந்து உண்ண மறுத்தல். இது மதவழக்கமா, வெறும் சமூக அந்தஸ்தா என்று கேட்கிறார். ஐரோப்பியப் பிரபுக்களின் மிடுக்கையும் அமெரிக்க ஆலயங்களில் வெள்ளையர் கறுப்பினத்தாரிடமிருந்து விலகி அமர்வதையும் இணை வைக்கிறார். அங்கே கிறிஸ்தவர்கள் பொறுத்துக்கொள்வதை இங்கே எந்த அளவுக்குக் கண்டிக்கலாம் என்பது அவருடைய தயக்கம். இளைய மிஷனரிகள் கடுமையாக நடந்துகொண்டார்களோ என்ற ஐயமும் அதில் இருக்கிறது. முறையாக விசாரிக்கக் கேள்விப் பட்டியலும் குழுவும் ஏற்பாடாயின.

இந்தக் கடிதத்தை இரண்டு விதமாகப் படித்திருக்கிறார்கள். ஹீபரைப் போற்றுவோர் அதைப் பரந்த மனம் என்பார்கள். மறுதரப்பு அதைச் சமரசம் என்னும். எனக்கு இரண்டாவது வாசிப்பே வலுவாகத் தோன்றுகிறது, ஒரு திருத்தத்தோடு. அமெரிக்க ஒப்பீடு தன்னளவில் கூர்மையானது. சாதியைக் கீழ்த்திசையின் தனிப்பட்ட நோயாகப் பார்க்காத பார்வை அது. ஆனால் அந்தக் கூர்மையை இரண்டு அநீதியையும் கண்டிக்கப் பயன்படுத்தாமல், ஒன்றைக் காட்டி மற்றதைப் பொறுக்கப் பயன்படுத்தினார். தஞ்சை, திருச்சிராப்பள்ளிச் சபைகளில் கணிசமாக இருந்த பறையர் கிறிஸ்தவர்கள், தனியே உட்காரவைக்கப்பட்டவர்கள், இந்தக் கேள்விப் பட்டியலில் பேசுபொருளாக வருகிறார்கள், கேட்கப்படுபவராக வருவதில்லை. வேளாளர் தரப்புக்குச் சாஸ்திரியார் இருந்தார், பேராயருக்கு ராபின்சன் இருந்தார்.

ஆகவே ஏப்ரல் 3 காலை கோட்டை ஆலயத்தில் நடந்ததைச் சான்ட்ரியின் சிற்பத்தைப் போல எண்ணிப் பார்ப்பது தவறு. யார் முன்வரிசையில், யார் பின்வரிசையில், யார் முதலில் வந்து முழந்தாளிட்டார் என்ற வழக்கங்களின் நடுவேதான் அவர் கைகளை வைத்தார். இரண்டு வாரத்துக்கு முன் சிதம்பரத்தில் எழுதிய கேள்விகள் அங்கே கண்ணெதிரே உட்கார்ந்திருந்தன.

7. பிந்தைய பயன்பாடுகள்

கல்கத்தா பேராயர் பதவி அப்போது ஆளை விழுங்கும் பதவி. மிடில்டன் 1822இல் இறந்தார், ஹீபர் 1826இல், ஜேம்ஸ் 1828இல், டர்னர் 1831இல். இலங்கையும் ஆஸ்திரேலியாவும் அந்த ஒரே பேராயத்தில் அடக்கம். இந்த மரணங்கள் பேராயத்தைப் பிரிக்க வேண்டும் என்ற வாதத்துக்கு வலுவூட்டின. 1833 சாசனச் சட்டம் இடம் கொடுத்தது, 1835இல் சென்னை தனிப் பேராயமாகி டேனியல் காரி முதல் பேராயரானார்.

சாதி விசாரணை ஹீபருக்குப் பின் அந்தரத்தில் நின்றது. 1832இல் வந்த பேராயர் டேனியல் வில்சன் 1833 ஜூலையில் சுற்றறிக்கை அனுப்பினார்: சபையில் சாதி உடனடியாக, முழுமையாக ஒழிய வேண்டும். தஞ்சையிலும் திருச்சிராப்பள்ளியிலும் வேளாளர்கள் பெருமளவில் விலகினார்கள். பழைய ஐயர்மார்கள் அனுமதித்ததை இவர் தடுப்பதேன் என்பது அவர்கள் வாதம். அந்த வரிசையில் ஷ்வார்ட்ஸுக்கு அடுத்து ஹீபரின் பெயரும் வைக்கப்பட்டது. ஹீபர் செய்தது முடிவன்று, விசாரணையின் தொடக்கம் என்பது வில்சன் தரப்பின் பதில். முடிக்கப்படாத விசாரணை என்பதால்தான் இருதரப்பும் அவரைச் சொந்தம் கொண்டாட முடிந்தது. பலகையில் உள்ள ‘திடீரென’ என்ற சொல்லின் அரசியல் விளைவு இதுவே.

இன்னொரு ஹீபரும் உண்டு. ஞாயிறுதோறும் தமிழ் ஆலயங்களில் பாடப்படும் திரித்துவப் பாமாலையின் ஆசிரியர். அவரே 1819இல், இந்தியாவைப் பார்ப்பதற்கு முன், இங்கிலாந்தில் இருந்தபடி இலங்கை மக்களை இழிவாகச் சொல்லும் மிஷன் பாடல் ஒன்றையும் எழுதினார். 1925இல் கல்கத்தாவில் மிஷனரிகளிடையே பேசிய காந்தி அந்தப் பாடலை எடுத்துக்காட்டி மறுத்தார். பார்க்காமல் எழுதிய பாடல் உலகமெங்கும் பரவியது. பார்த்து, தயங்கி, கேள்வியாக எழுதிய கடிதம் வாழ்க்கை வரலாற்றின் பக்கங்களில் தங்கிவிட்டது.

திருச்சிராப்பள்ளியில் அவர் பெயர் கல்வி நிலையங்களில் வழங்குகிறது. ஷ்வார்ட்ஸ் தொடங்கிய பள்ளியின் வழிவந்ததாகக் கருதப்படும் பிஷப் ஹீபர் கல்லூரி 1934இல் மூடப்பட்டு 1966இல் புத்தூரில் மீண்டும் தொடங்கியது. ஊரில் ஹீபர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். கோட்டைச் சபைக்கு ஹீபர் வாக்களித்த போதகரும் வந்தார். சிதம்பரக் கடிதம் யாருக்கு எழுதப்பட்டதோ அந்த ஷ்ரைஃபோகலே திருச்சிராப்பள்ளி மிஷனின் பொறுப்பை ஏற்றார்.

வேதநாயகம் சாஸ்திரியார் ஹீபரைவிட ஒன்பது வயது மூத்தவர். ஹீபருக்குப் பின் 38 ஆண்டுகள் வாழ்ந்தார். சாதிச் சண்டையில் தம் தரப்பை 1829இல் அவர் விரிவாக எழுதினார். அதே ஆண்டுதான் ராபின்சனின் நூல் சென்னையில் அச்சேறியது. சாஸ்திரியாரின் எழுத்து கையெழுத்துப் படியாக லண்டனுக்குப் போய்ச் சேர்ந்து, அச்சேறாமல் பிரிட்டிஷ் நூலகத்தில் கிடந்தது. டென்னிஸ் ஹட்சன் போன்றோர் அதைத் திறந்து படித்த பிறகே, 1826இன் தஞ்சையையும் திருச்சிராப்பள்ளியையும் ராபின்சனின் கண்ணில்லாமல் பார்க்க நமக்கு வழி கிடைத்தது. சாஸ்திரியாரின் கண்ணும் ஒரு வேளாளரின் கண் என்பதை மறக்காமல் அதைப் படிக்க வேண்டியிருக்கிறது.